இரைச்சல் வரும் திசை

"அவன் வந்துடுவானாம்மா?"

காலையிலிருந்து மாமியார் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். மருமகளும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தேடிட்டுத்தான் இருக்கோம் அத்தை."

கடலோரக் குன்றின் மேல் இருந்தது அந்த வானொலி நிலையம். ஜன்னலுக்கு வெளியே எட்டு ஆன்டெனாக்கள் வரிசையாக மழையில் நனைந்துகொண்டிருந்தன. கடலில் தத்தளிப்பவர்களின் குரலைக் கேட்பதற்கென்றே அவற்றை வடிவமைத்தவள் மருமகள். இன்று அவள் தேடுவது தன் புருஷனை. முந்தாநாள் வீட்டில் ரகளை செய்துவிட்டு, விசைப்படகை எடுத்துக்கொண்டு தனியாகப் போனவன் திரும்பவில்லை. அவனிடம் இருந்தது ஒரு சின்ன வயர்லெஸ் செட். அதற்குள் புயலும் வந்துவிட்டது.

வீட்டில் இருப்புக் கொள்ளாமல் மாமியாரும் கூடவே கிளம்பி வந்துவிட்டாள்.

"பெத்த வயிறு, சும்மா இருக்குமா?" என்று நிலையத் தலைவர் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "கவலைப்படாதீங்கம்மா. இந்த எட்டும் என் சம்சாரம் மாதிரி. நான் அடுத்த ரூம்ல முணுமுணுத்தாக்கூட கேட்டுடும்."

மாமியார் மரியாதைக்குச் சிரித்தாள். "எட்டு இருந்துமா அவன் எங்கேன்னு தெரியல?"

"எட்டும் சேர்ந்து ஒரே காது மாதிரி அத்தை," என்றாள் மருமகள். "ஒவ்வொண்ணுலயும் வர்ற சத்தத்தைத் துளித்துளி தாமதப்படுத்திக் கூட்டினா, அந்தக் காது நாம நினைக்கிற பக்கம் திரும்பும். கம்பத்தை அசைக்கவே வேண்டாம். ஒரு திசையிலேருந்து தொந்தரவா இரைச்சல் வந்தா, அந்தத் திசைக்கு மட்டும் செவிடாக்கிடவும் முடியும்."

மாமியாரின் பார்வை மருமகளின் இடது காதுக்குப் போய்த் திரும்பியது. ஹெட்போனை அவள் வலது காதில் மட்டும்தான் வைத்திருந்தாள். இடது காது காய்ச்சலில் போய்விட்டது என்று ஆபீசில் சொல்லி வைத்திருந்தாள். வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

டெலிபோன் அடித்தது. பேசி முடித்த தலைவரின் முகம் தொங்கிப் போயிருந்தது.

"மீட்புப் படகு ஒண்ணுதான் இருக்கு. இருட்டுறதுக்குள்ள ஒரு பக்கம்தான் போக முடியுமாம். எந்தப் பக்கம்னு நம்மளைக் கேக்கறாங்க."

"வடக்கே லேசா ஏதோ இருக்கு சார். ஆனா தென்கிழக்கிலேருந்து வர்றது அதை அமுக்குது."

தலைவர் ஹெட்போனை வாங்கிக் கேட்டார். நெற்றி சுருங்கியது. "தென்கிழக்கே துறைமுகம் இருக்கே. கிரேன் மோட்டாரா இருக்கும். ஆனா நடுநடுவுல மனுஷக் குரல் மாதிரியும் இருக்கு. மோட்டார்னா அந்தத் திசையை அடைச்சுட்டு வடக்கைக் கேக்கலாம். ஆளா இருந்து அடைச்சோம்னா, அவ்வளவுதான். இன்னிக்கு ராத்திரி தாங்க மாட்டான்."

மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "எனக்கு இந்த ஒத்தைக் காதை நம்பிச் சொல்ல பயமா இருக்கு சார்."

தலைவரிடமிருந்து ஹெட்போனை வாங்கி மாமியாரிடம் நீட்டினாள்.

"அத்தை, நீங்க கேளுங்க. பெத்தவங்களுக்குத் தெரியாம போகாது."

ஹெட்போன் கனமாக இருந்தது. மாமியார் அதை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு கண்களை மூடினாள். தகரக் கூரையில் மணலை வாரி இறைப்பது போன்ற சத்தம். அது ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அவள் அசையவில்லை.

"ஏதாவது புரியுதா அத்தை?"

மாமியார் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "பாப்பாவை எங்கே விட்டுட்டு வந்தே?"

"பக்கத்து வீட்டுலதான். நேத்துலேருந்து ஒரே ஆட்டம் பாட்டமாம். இவ்வளவு சத்தமா சிரிக்கிற பொண்ணா இதுன்னு அந்த அக்கா ஆச்சரியப்படறாங்க. ஏன் அத்தை?"

"சும்மாதான் கேட்டேன்."

இன்னும் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி, ஏதோ கண்ணாடிச் சாமானை வைப்பதுபோல மேஜையில் மெல்ல வைத்தாள்.

"மிஷின் சத்தம்தாம்மா. அடைச்சுடு."

"நிச்சயமா தெரியுமா?"

"என் பிள்ளை குரல் எனக்குத் தெரியாதா?"

மருமகளின் விரல்கள் தட்டச்சுப் பலகையில் ஓடின. எட்டு ஆன்டெனாக்களுக்கும் எண்கள் மாறின. திரையில் வளைந்து கிடந்த கோடு, தென்கிழக்கில் மட்டும் கிணறுபோல் சரிந்து தரையைத் தொட்டது. அறையே திடீரென்று அமைதியானது போலிருந்தது. வடக்கிலிருந்து மெல்லிய கரகரப்பு ஒன்று தலைதூக்கியது.

"அதோ இருக்கு," என்று தலைவர் டெலிபோனை எடுத்தார். "வடக்கே போகச் சொல்றேன்."

ஜன்னல் வழியே பார்த்தபோது மீட்புப் படகின் விளக்கு, அலைகளில் எழுந்தும் விழுந்தும் வடக்கே சிறுத்துக்கொண்டே போனது. மருமகள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாமியார் அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"இனிமே அந்தப் பக்கத்துச் சத்தம் கேக்காதில்ல?"

"சுத்தமா கேக்காது அத்தை."

மாமியார் தலையை ஆட்டினாள். வருஷக் கணக்காகப் பெற்றவளை 'ஏய்' என்று மட்டுமே அழைத்து வந்தவன், அந்த இரைச்சலுக்கு நடுவே இருந்து 'அம்மா, அம்மா' என்று விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.