செங்கல் நிறம்

புதுப் பெயின்ட் அடித்த ரயில் வந்து நின்ற அன்று செங்கல் சார் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

“தவளைக்கு மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு,” என்றார். பச்சை உடம்பில் மஞ்சள் பட்டை. வேறெப்படித்தான் சொல்வார் மனுஷன்?

ஊருக்கு இருப்பது ஒரே ரயில், அதுவும் ரெண்டே பெட்டி. காலையில் நகரத்துக்குப் போகும், சாயங்காலம் திரும்பும். ஆதியில் அது செங்கல் நிறம். பிறகு நீலம் அடித்தார்கள். நீலம் வந்த நாளிலிருந்து பழைய நிறத்துக்காக மனு எழுதி எழுதியே அவர் இந்தப் பட்டப்பெயரைச் சம்பாதித்திருந்தார். நில அளவை ஆபீசில் ரிட்டையரானவர். சொந்தப் பெயர் தபால்காரருக்கே மறந்துவிட்டது.

சலூனில் தினமும் இதே கச்சேரி. சலூன்காரர் நீலக் கட்சி. தையல்காரரும் நீலம்தான், அழுக்குத் தெரியாதாம். பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்றார் மருந்துக்கடைக்காரர். ரயிலென்ன கண் சொட்டு மருந்தா என்று செங்கல் சார் பாய்ந்தார். தினமும் ஸ்டேஷனுக்கு நடந்துபோய் ரயிலை ஆசைதீரப் பார்த்து, திட்டிவிட்டு வருவார். எங்காவது போவதென்றால் மட்டும் மருந்துக்கடைக்காரரின் கார்.

கடைசியில் ரயில்வேக்காரர்களே இறங்கி வந்தார்கள். மக்கள் கருத்தைத் திரட்டி அனுப்பும்படி கட்டுக்கட்டாகப் படிவம் அவர் பேருக்கே வந்தது. மேலே நிறங்களின் பட்டியல், டிக் அடிக்க வேண்டும். கீழே இன்னொரு கேள்வி.

“கீழ என்னமோ கேட்டிருக்கே?” என்றார் சலூன்காரர்.

“அது சும்மா சம்பிரதாயம். மேல மட்டும் டிக் போடுங்க.”

முடி வெட்ட வேறு கடைக்குப் போய்விடுவேன் என்று மிரட்டியே சலூன்காரரைச் சிவப்பாக்கினார். தையல்காரர் தானாகவே கட்சி மாறினார்.

மருமகள்தான் அசத்தினாள். நகரத்து ஆஸ்பத்திரியில் லேப் வேலை அவளுக்கு. நாலு வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை. அந்தக் காலை ரயிலை விட்டால் நேரத்துக்குப் போய்ச் சேர வேறு வழி கிடையாது. ஒரு கட்டுப் படிவத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனவள், மறுநாளே நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

“எங்க கூட வர்றவங்க எல்லார்கிட்டயும் வாங்கிட்டேன் மாமா. என்னோடதும் சேர்த்து முப்பத்தெட்டு.”

பெற்ற பிள்ளைக்குக்கூட இந்த அக்கறை இல்லையே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் உள்ளே போனதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரித்தார்.

முப்பத்தெட்டிலும் ஒரே டிக். ‘எந்த நிறமானாலும் சரி.’ ஒரு ஆள் பக்கத்திலேயே எழுதியும் வைத்திருந்தான்: நேரத்துக்கு வந்தால் போதும்.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று முணுமுணுத்தபடி அந்தக் கட்டை அலமாரிக்கு அடியில் தள்ளினார். மீதி இருநூற்றுப் பதினொன்றும் அப்பழுக்கில்லாத செங்கல். அதை மட்டும் அனுப்பினார்.

“எங்களோடதும் போயிடுச்சா மாமா?” என்று மருமகள் ஒருநாள் கேட்டாள்.

“எல்லாம் போயாச்சும்மா,” என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ‘தங்கள் ஊர் மக்களின் ஒருமித்த விருப்பப்படி பெட்டிகளுக்குப் பழைய செங்கல் நிறமே பூசப்படும்.’ முதல் பத்தியைப் படித்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. சலூனுக்கு ஓடினார், எல்லோருக்கும் டீ சொன்னார். வருகிற வழியில் செங்கல் நிறத்தில் ஒரு டப்பா பெயின்ட் வாங்கினார். ரயிலுக்கு முன்னால் தன் வீட்டு கேட்டுக்கு அடித்துவிட வேண்டுமாம்.

சாயங்காலம் மருமகள் வந்தபோது பாதி கேட் சிவந்திருந்தது.

“ஜெயிச்சுட்டோம்மா! லெட்டர் நாற்காலி மேல இருக்கு, படி.”

அவள் நின்றபடியே படித்தாள். முதல் பத்தியோடு நிற்கவில்லை. அவள் முகம் மாறியதைப் பார்த்து அவர் பிரஷை இறக்கினார்.

“என்னம்மா?”

அவள் சத்தமாகவே படித்தாள். “இருநூற்றுப் பதினொரு பேர் கருத்து அனுப்பியும், இந்த ரயிலில் பயணம் செய்வதாக ஒருவர்கூடக் குறிப்பிடவில்லை. ஆகவே இம்மாதக் கடைசியுடன் சேவை நிறுத்தப்படுகிறது. பெட்டிகள் செங்கல் நிறம் பூசப்பட்டு, மக்கள் பார்வைக்காக ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி வைக்கப்படும்.”

செங்கல் சார் பிரஷை டப்பாவுக்குள் வைத்தார்.

“ஒருத்தர்கூடவா?” என்றாள் அவள். “நாங்க அத்தனை பேரும் எழுதினோமே மாமா. நீங்க அனுப்பினீங்கதானே?”

அவர் கண் தன்னையறியாமல் கீழே போயிற்று. அவளும் குனிந்து பார்த்தாள்.

தரையில் பெயின்ட் சொட்டக்கூடாதென்று கேட்டுக்கு அடியில் வரிசையாகக் காகிதம் விரித்திருந்தார். செங்கல் நிறம் சொட்டியிருந்த முதல் காகிதத்தில், கீழே இருந்த கேள்விக்கு எதிரே, அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது: ‘தினமும் இரண்டு முறை.’