குழி விழுந்த தகடு

டெக்சாஸ் துப்பாக்கிக் கழகத்தின் பழைய எஃகு இலக்குத் தகட்டைக் கழற்றப்போன பொறுப்பாளர் டார்லாவை, தலைவர் வெண்டல் மறித்தார்.

"தொடாதேம்மா! இதுல இருக்கிற ஒவ்வொரு குழியும் நான் குறிபார்த்துச் சுட்டது!"

"குழி விழுந்த தகட்டுல குண்டு பட்டா, சில்லு நம்ம முகத்துக்கே திரும்பும் சார்."

"அப்போ புதுசை மாட்டு. அதையும் சல்லடை ஆக்கறேன்!"

தன் முறைக்குக் காத்திருந்த அவர் மனைவி லொரெட்டா பாதுகாப்புக் கண்ணாடியைத் துடைத்தபடி சிரித்தாள்.

வெள்ளையடித்த புதுத் தகட்டை மாட்டினாள் டார்லா. வெண்டல் நெஞ்சை நிமிர்த்தி, கையிலிருந்த குண்டையெல்லாம் சுட்டுத் தீர்த்தார். வெள்ளையில் ஒரு கீறல்கூட இல்லை.

டார்லா பழைய தகட்டையே திரும்ப மாட்டினாள்.

"நீங்க சுடும்போது இதுவே இருக்கட்டும் சார், யாருக்கும் ஆபத்தில்ல. மேடம், உங்க முறைக்குத்தான் புதுசு வேணும். பழசை இந்தக் கதிக்கு ஆளாக்கினதே நீங்கதானே!"