சிவப்பு நாற்காலி

புயலில் கூரை பிய்ந்த இடத்தில் கட்டிய தார்ப்பாய் வழியே இறங்கும் வெயிலில் வீடே நீலமாக இருக்கிறது. நடுவில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் நுனியில் உட்கார்ந்து, மாதா கோயில் சபையிடம் கூரைக்கு உதவி கேட்ட மங்களாம்பிகையின் விண்ணப்பத்தை, சபை சார்பில் வீடு பார்க்க வந்த அக்னஸ் டீச்சர் நிரப்புகிறார். மங்களாம்பிகை முந்தானை நுனியை முறுக்கியபடி நிற்கிறாள். "வீட்டுல என்னென்ன சாமான் இருக்கும்மா?" "ரெண்டு அண்டா, ஒரு பாய்." பேனா நிற்கிறது. "இந்தச் சேரு?" "எதிர்வீட்டுதுங்க. நீங்க வர்றீங்கன்னு கேட்டு வாங்கியாந்தேன்." அவள் தலை குனிகிறாள். டீச்சர் அண்டாவையும் பாயையும் மட்டும் எழுதிப் பேனாவை மூடுகிறார். "எனக்குன்னுதானே வாங்கியாந்தீங்க" என்றபடி, இப்போதுதான் நாற்காலியில் முதுகைச் சாய்த்து நன்றாக உட்கார்கிறார்.