தம்புவின் நெஞ்சுப் படம்

தலையில் லாப்லாப் துணியைப் போர்த்தித்தான் கிழவியை எக்ஸ்ரே பலகை முன் நிறுத்தினார்கள்.

படம் எடுப்பவன் மருமகன். மாமியாரை நாங்கள் தம்பு என்போம். தம்புவின் முகத்தை மருமகன் பார்க்கக்கூடாது. அவள் பெயர் அவன் வாயில் வரக்கூடாது.

"முகம் வேணாம், நெஞ்சு தெரிஞ்சா போதும்" என்றான் போண்ட்ரோஸ், சுவரைப் பார்த்துக்கொண்டு.

எங்கள் தீவுச் சுகாதார நிலையத்தில் நர்ஸ், எக்ஸ்ரேக்காரன் இரண்டும் அவன்தான். நான் ஜெனரேட்டர் ஓட்டுகிறவன். அவனுக்குச் சகலை. அதே வீட்டின் இளைய பெண்ணைக் கட்டியவன். ஆகவே கிழவி எனக்கும் தம்பு.

அவள் மூச்சிழுக்கும் சத்தம் ஜெனரேட்டரைத் தாண்டிக் கேட்டது.

படம் திரையில் விழுந்தது. நெஞ்சுக்கூட்டில் பாதிக்கு மேல் இதயமே அடைத்துக்கொண்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து முகத்தைப் பார்க்காத மாமியாரின் உள்ளே போண்ட்ரோஸ் வெகுநேரம் பார்த்தான்.

எங்களுக்கு டாக்டர் கிடையாது. படத்தைக் கிளவுடில் ஏற்றினால் தலைநகர் மோர்ஸ்பியில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் ஹெனாவோ பார்ப்பார். 'உடனே' என்று அவர் சொன்னால் பெரிய தீவிலிருந்து படகு வரும். சொல்லாவிட்டால் மாத்திரை.

போன மழைக்காலத்தில் இரண்டு கிழவர்களின் படத்தை ஏற்றினோம். வயதான இதயம், பழைய வீக்கமாக இருக்கும், மாத்திரை கொடுங்கள் என்று பதில் வந்தது. மாத்திரை கொடுத்தோம். இரண்டு பேருக்கும் குழி வெட்டியவர்களில் நான் ஒருவன்.

பெயர் இல்லாமல் படம் ஏறாது.

போண்ட்ரோஸ் பெயர்க் கட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். தாயைத் தாங்கிப் பிடித்தபடி அவன் மனைவி நியாலோங் உள்ளேயிருந்து கத்தினாள்.

"அனுப்பிட்டியா? இல்ல அதையும் சுவரைப் பாத்துக்கிட்டே செய்றியா?"

அவன் தட்டினான். எட்டிப் பார்த்தேன். கட்டத்தில் நியாலோங் என்று இருந்தது.



கொஞ்ச நேரத்தில் டாக்டரே போனில் வந்தார். நானும் பக்கத்தில் போய்க் காதை வைத்தேன்.

"நியாலோங்தானே? ஸ்கூல் வேலைக்குச் சேர எடுத்த பழைய படம் இங்க இருக்கு, சுத்தமா இருக்கு. அதுக்குள்ள இதயம் இப்படி வீங்குமா? சுத்தித் தண்ணி கட்டியிருக்கணும். வயசு வேற சின்னது. படகு அனுப்பச் சொல்றேன். படுக்க வைக்காதீங்க."

"சரி டாக்டர்."

போண்ட்ரோஸ் போனை வைத்தான்.

சாயங்காலத்துக்குள் படகு வந்தது. நியாலோங் கூடவே போனாள். பெரிய தீவில் ஊசி போட்டு இதயத்தைச் சுற்றியிருந்த தண்ணீரை எடுத்தார்கள். ஒரு பாட்டில் நிறைந்ததாம். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் அவ்வளவுதான் என்றார்களாம்.

மறுநாள் டாக்டர் மறுபடியும் கூப்பிட்டார். இந்த முறை போனைக் காதில் வைக்க வேண்டியிருக்கவில்லை. அறை முழுக்கக் கேட்டது.

"சின்னப் பொண்ணுன்னு படகு அனுப்புனேன். பல்லு போன கிழவி வந்து எறங்குதாம்! யாருய்யா அது?"

"என் தம்பு, டாக்டர்."

 டாக்டரும் இந்த நாட்டுக்காரர்தான். அவருக்கும் மாமியார் உண்டு.

"பேரச் சொல்லக் கூடாதுன்னு பொண்டாட்டி பேரப் போட்டுட்டியாக்கும்."

"ஆமா டாக்டர்."

"தொலைஞ்சு போ. நானே மாத்திக்கிறேன்."

சிரித்துவிட்டுத்தான் வைத்தார். பிறகு அது எல்லாச் சுகாதார நிலையங்களுக்கும் பரவியது. தம்புவுக்குப் பயந்து பெயரையே மாற்றிப் போட்ட நர்ஸ் என்று மீன் வாங்க வருகிறவர்கள்கூடக் கேலி செய்தார்கள். போண்ட்ரோஸ் வெற்றிலைப்பாக்கு மென்றபடி கேட்டுக்கொண்டான்.

கிழவி திரும்பி வந்தபோது படகிலிருந்து தானாகவே இறங்கினாள். மூச்சு சத்தமில்லாமல் போய்வந்தது. தலையில் துணி இருந்தது. போண்ட்ரோஸ் போய்த் தென்னைமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

நானும் போய் அவன் பக்கத்தில் நின்றேன். எனக்கும் தம்புதானே.

தம்புவின் பெயரை வாயால் சொல்லக்கூடாது. எழுதலாம். எங்கள் தீவில் அதற்கு எப்போதும் தடை இருந்ததில்லை.