தோலுக்கு அடியில் ஒரு பை

பானுப்பிரியாவின் வயிற்றில், இடப்பக்கம், கருப்பம்மாளின் கை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நின்றது.

பட்டாசுக் கம்பெனி வாசலில் பெண்களைச் சோதனை போடுவது கருப்பம்மாளின் வேலை. கொலுசு, ஊக்கு, செல்போன், தீப்பெட்டி எதுவும் உள்ளே போகக்கூடாது. கொண்டையைத் தடவி, இடுப்பைத் தடவி, முதுகில் ஒரு தட்டுத் தட்டி, போ என்பாள். தீபாவளி சீசன் வந்தால் முதலாளிக்குச் சட்டமெல்லாம் ஞாபகம் வந்துவிடும். அதனால் சோதனை பலமாக நடந்துகொண்டிருந்தது.

மற்றவர்களிடம் ஏதும் இருந்துவிடக் கூடாதே என்று தடவுவாள். பானுப்பிரியாவிடம் மட்டும், அது அங்கேயே இருக்கிறதா என்று பார்ப்பாள்.

போன வருஷம் ஆடியில், ஏழாயிரம்பண்ணை வேனில் வந்து அந்தப் பெண் பேக்கிங்குக்குச் சேர்ந்த முதல் நாளே கையில் தட்டுப்பட்டது. தோலுக்கு அடியில், தட்டையாக, ஷாம்பு பாக்கெட் அளவுக்கு ஏதோ இருந்தது. என்ன அது என்று கருப்பம்மாள் அதட்டினாள்.

பெண் பயந்துபோய்ச் சொன்னாள். சின்ன வயதிலிருந்தே சர்க்கரை வியாதி. தினமும் ஊசி. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் புது வைத்தியம் ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். இது இரும்பு இல்லை, பிளாஸ்டிக் மாதிரி ஒரு பை. உள்ளே இருப்பது உயிருள்ள செல்கள். செத்துப்போன யாரோ ஒருவரின் கணையத்திலிருந்து எடுத்தவை. அவை இன்சுலின் சுரப்பதால் இப்போது ஊசியே இல்லை.

எப்போது வைத்தார்கள் என்று கருப்பம்மாள் கேட்டாள். சித்திரையில், அழகர் மலைக்குத் திரும்பிய அன்றைக்கு என்றாள் பெண்.

கருப்பம்மாளின் ஒரே மகன் மாரிக்கண்ணன். அதே சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டு வரும்போது நான்குவழிச் சாலையில் பைக்கோடு விழுந்தான். அதே ஆஸ்பத்திரி. மூளை செத்துவிட்டது என்றார்கள். உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதித்தது அவள்தான். எது யாருக்குப் போகிறது என்று அவர்கள் சொல்வதில்லை, சொல்லவும் இல்லை. ஆனால் அந்த வாரம் அங்கே கொடுத்தது அவள் ஒருத்திதான்.

இதைப் பெண்ணிடம் அவள் சொல்லவே இல்லை. சொன்னால் வயசுப் பெண்ணுக்குத் தன் உடம்பே கூச்சமாகிவிடுமோ என்று பயம். சாப்பிட்டாயா என்று மட்டும் தினமும் கேட்பாள். இட்லி என்றால் சந்தோஷப்படுவாள். பால்கோவா என்றால் திட்டித் தீர்த்துவிடுவாள். பயலை அம்புட்டு வேலை வாங்கலாமா?

உயிரோடு இருந்தவரை எந்தக் கம்பெனியிலும் நிலைக்காத சோம்பேறி அவன். இப்போது லீவே போடாமல் ஒருத்திக்காக உழைத்துக்கொண்டிருந்தான். கருப்பம்மாளும் காய்ச்சல் வந்தால்கூட லீவு போடுவதில்லை. தீபாவளி முடிந்து கம்பெனியை அடைத்துப் போட்ட நாட்களில்தான் அவளுக்குப் பைத்தியம் பிடித்ததுபோல் இருந்தது.

இன்றைக்குக் கை வைத்ததும் பானுப்பிரியா அவள் காதருகே குனிந்தாள்.

“உள்ள இருந்ததெல்லாம் செத்துப்போச்சாம்க்கா. திங்கக்கெழம பைய எடுக்காக.”

ஊசியை மறுபடி தொடங்கிவிட்டார்களாம். பையைச் சுற்றிச் சதை வளர்ந்து மூடிக்கொண்டதாம். உள்ளே இருந்தவற்றுக்கு மூச்சு கிடைக்கவில்லையாம். டாக்டர் அப்படித்தான் சொன்னாராம்.

கருப்பம்மாளின் விரல்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. நேற்று இருந்த மாதிரியேதான் இருந்தது.

அன்றைக்கு மெஷின் மாரிக்கண்ணனின் நெஞ்சை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் சரியாக அழக்கூட இல்லை. வந்தவர்கள் எல்லாரும் புண்ணியம் புண்ணியம் என்று அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கும்பிடுகிறவர்கள் முன்னால் எப்படி மாரில் அடித்துக்கொண்டு அழுவது?

இப்போது அழவேண்டும் போலிருந்தது. கம்பெனி வாசலில் நின்றுகொண்டு யாரைச் சொல்லி அழுவாள்? எடுக்கிற பையை எங்கே போடுவார்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்க அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது? கொடுத்தது கொடுத்ததுதான்.

முதுகில் தட்டக் கை எழவில்லை. போ என்று சொல்லவும் வரவில்லை.

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சூப்பர்வைசர் சோணைமுத்து, அங்கே என்ன சாமி கும்பிடா நடக்கிறது என்று சத்தம் போட்டார். பொறுமையில்லாதவர்கள் பேச்சியம்மாளிடம் போய் நின்றார்கள். பேச்சியம்மாளும் சோதனை போடுகிறவள்தான். பேருக்குத் தொட்டு அனுப்பிவிடுவாள் என்பதால் அவள் வரிசை எப்போதும் சீக்கிரம் நகரும். ஏழாயிரம்பண்ணை வேனில் வருகிறவர்கள் மொத்தமாக அங்கேதான் நிற்பார்கள், பானுப்பிரியாவைத் தவிர. அது ஏன் என்று கருப்பம்மாள் ஒரு நாளும் யோசித்ததில்லை.

பானுப்பிரியா நகரவில்லை. நழுவப்போன கருப்பம்மாளின் கையைப் பிடித்து, அதே இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“அண்ணன எடுத்த பொறவும் நான் ஒங்க வரிசையிலேயே வரட்டுமாம்மா?”