ஒரே முங்கு

கணவனும் மனைவியுமாகத் தொடங்கிய சபை. ஞானஸ்நானத் தொட்டிக்குள் பாஸ்டர் நிற்பார். ஓரத்தில் துண்டோடு பாஸ்டரம்மா.

அன்று ஞானஸ்நானம் எடுக்க வந்த தச்சர் முதல் படியிலேயே ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டார்.

"எனக்குத் தண்ணியில கண்டம் இருக்கும்மா."

"அதெல்லாம் பழைய மனுஷனோட போச்சு. ஒரே முங்குதான், இறங்குங்க" என்றார் பாஸ்டரம்மா.

"சீக்கிரம்ப்பா, குளிர்ல பல்லு தந்தியடிக்குது" என்றார் பாஸ்டர்.

"நீங்க முங்குனப்போ பயமா இல்லையாம்மா?"

பாஸ்டரம்மா துண்டை மறுபடி மடிக்கத் தொடங்கினார். பாஸ்டர் மனைவியைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "ஆமா, உனக்கு யாரு ஞானஸ்நானம் குடுத்தது?"

"யாருமில்லீங்க. துண்டு பிடிக்க ஆளில்லன்னு முதல் நாளே என்னை இங்க நிறுத்துனீங்க. இன்னும் மாத்திவிடலை."

சபையே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது.

பாஸ்டரம்மா துண்டைத் தச்சரின் தோளில் போட்டார்.

"பிடிங்க. பயமா இருக்கான்னு முங்கிட்டு வந்து சொல்றேன்."