பூட்டாத திரை

"அந்த ராஜினாமா நான் அனுப்பினதில்ல, வெர்னா. கம்ப்யூட்டர் திரையைப் பூட்டாம எழுந்து போயிட்டேன். யாரோ உட்கார்ந்து விளையாடியிருக்காங்க."

ஹேமிஷுக்கு மூச்சு வாங்கியது. கனிம வேதியியல்காரர், கோபால்ட் உப்புகளோடு பதினைந்து வருஷமாக மாரடிப்பவர். சோதனைச் சாலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்ததால் வெள்ளைக் கோட்டில் நீலக் கறை காயவில்லை. சாட்சிக்கு லினெட்டையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

ஆய்வு மையத் தலைவர் வெர்னா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். வேலையும் கல்யாணமும் ஒரே வீட்டில் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. ஆயுசில் பாதியை அடுத்தவர்களின் புருஷன் பெண்டாட்டிக் கதையைக் கேட்டே கழித்தவர். எதைக் கேட்டாலும் முகம் மாறாது.

"நல்ல வேளை வந்தே. மதியம் நிர்வாகத்துக்கு அனுப்பிடலாம்னு இருந்தேன். அங்க போயிட்டா திரும்பி வராது, தெரியும்ல? உன் சோதனைச் சாலைக்கு எத்தனை பேர் கண்ணு வெச்சிருக்காங்கன்னும் தெரியும்ல?"

"தெரியும். அதான் ஓடி வந்தேன்."

"எல்லாம் லினெட்டோட புண்ணியம்" என்றார் வெர்னா.

அதுவும் நிஜம்தான். வலையமைப்புப் பாதுகாப்பு லினெட்டின் துறை. யாராவது திரையைப் பூட்டாமல் நாற்காலியை விட்டு எழுந்தால், பார்க்கிறவர் அதில் உட்கார்ந்து, 'நாளை எல்லாருக்கும் லேமிங்டன் கொண்டு வருகிறேன்' என்று அவர் பெயரில் கட்டடம் முழுவதற்கும் அஞ்சல் தட்டிவிடலாம் என்று வழக்கம் உண்டாக்கியவள் அவள். மாட்டியவர் மறுநாள் தேங்காய்ப்பூ தூவிய அந்தக் கேக்கோடு வந்தாக வேண்டும். வெர்னாவே மாட்டியிருக்கிறார். பாதுகாப்பு வளர்ந்ததோ இல்லையோ, கட்டடத்தில் எல்லாருக்கும் இடுப்பு வளர்ந்தது.

லினெட் கொதித்துக்கொண்டிருந்தாள். "கேக் கேட்கிறது விளையாட்டு. ஒருத்தன் வேலைக்கு உலை வைக்கிறது விளையாட்டா? எனக்கு ஒரு மணி நேரம் கொடுங்க. எவன் இவன் அறைக் கதவைத் திறந்தான், எப்ப உட்கார்ந்தான், எல்லாத்தையும் பிடிச்சுக் கொண்டாந்து உங்க மேஜையில போடறேன்."

"வேண்டாம்" என்றார் ஹேமிஷ்.

"ஏன் வேண்டாம்?"

"யாரோ தெரியாம பண்ணிட்டாங்க. விட்டுடு."

"தெரியாம ராஜினாமா எழுதுவாங்களா? எனக்கு மேல்மாடியில இருக்கிற அந்த டாரில் மேலதான் சந்தேகம். உன் அறை ஜன்னலோரமா இருக்குன்னு அவனுக்கு ரொம்ப நாளா வயித்தெரிச்சல்."

"அய்யோ, டாரில் இல்ல" என்றார் ஹேமிஷ் அவசரமாக. "அவன் பாவம். அவன் பேரை இழுக்காத."

"இளிச்சவாயன்யா நீ. உன் தலையில மிளகாய் அரைச்சாலும் அம்மியை நீயே தூக்கிக் கொடுப்பே."

வெர்னா கையை உயர்த்தினார். "லினெட், யாரையும் தேட வேண்டாம். நான் பார்த்துக்கறேன். நீ போய் டீயைக் குடி, ஆறிடும்."

லினெட் முணுமுணுத்துக்கொண்டே வெளியேறினாள். ஜன்னலுக்கு வெளியே, ஹோபார்ட் நகருக்குப் பின்னாலிருக்கும் மலையின் உச்சியில் மேகம் இறங்கியிருந்தது. வெர்னா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹேமிஷுக்கு இந்த அம்மாள் நம்பினாரா இல்லையா என்றே தெரியவில்லை. நம்பாவிட்டால் இந்த வயதில் எந்த ஊரில் போய், யார் வாசலில் நின்று வேலை கேட்பது?

"ஜோஸி எப்படி இருக்கா? இன்னும் பெர்த்லதானா?"

மனைவியின் பெயரைக் கேட்டதும் ஹேமிஷ் பயத்தை மறந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"வர்றா, வெர்னா. இன்னிக்குக் காலையிலதான் போன் பண்ணா. நம்ம ஊர் ஆஸ்பத்திரி மருந்தகத்துலயே வேலை கிடைச்சிருக்கு. அஞ்சு வருஷமா அவ அந்தக் கோடியில, நான் இந்தக் கோடியில. போதும் போதும்னு ஆயிடுச்சு. இனிமே ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை."

"ரொம்ப சந்தோஷம். என்னோட ஆராய்ச்சியில இப்படி முடியற கதை அபூர்வம். பெரும்பாலும் யாராவது ஒருத்தர் வேலையை விட வேண்டியிருக்கும்."

"ஆமா" என்றார் ஹேமிஷ். குரல் திடீரென்று சன்னமாகிவிட்டது.

வெர்னா கணினிப் பக்கம் திரும்பினார். முந்தின நாள் மாலை வந்த அந்தக் கடிதத்தைத் திறந்து, கடைசி வரி வரைக்கும் நிதானமாக ஒரு முறை வாசித்தார். பிறகு விசையைத் தட்டினார். கடிதம் அழிந்துபோனது.

"போலிக் கடிதத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? போ, போய் வேலையைப் பாரு."

ஹேமிஷுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்தது போலிருந்தது.  தலையை ஆட்டிவிட்டுக் கதவைத் திறந்தார்.

"ஹேமிஷ்."

திரும்பினார்.

"இந்தக் கட்டடத்துல இதுவரைக்கும் வந்த போலிக் கடிதம் ஒண்ணுகூட லேமிங்டன் இல்லாம இருந்ததில்ல" என்றார் வெர்னா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே. "அடுத்த தடவை பெண்டாட்டிகிட்ட போறேன்னு ராஜினாமா எழுதினா, கடைசி வரியில கேக்கையும் சேர்த்துக்கோ. அப்பதான் மறுநாள் அவளே வந்து நின்னாலும், வேற யாரோ எழுதினதுன்னு நான் நம்ப முடியும்."